கேட்டது கிடைக்காதவங்க சாட்சியையும் போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல போன மாசம் பூரா வாசகர்கள் எழுதின ஜெப அனுபவங்கள் வந்துச்சு, ஒண்ணு விடாம படிச்சேன். ஒருத்தருக்கு பத்து வருஷம் கழிச்சு குழந்தை, ஒருத்தருக்கு இழுத்துக்கிட்டே கிடந்த சொத்து கேஸ் முடிஞ்சது, ஒருத்தரோட மகளுக்கு கனடா விசா. எல்லாம் உண்மையாத்தான் இருக்கும், அந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நாலு வாரமும் படிச்சு முடிச்சப்போ மனசுல ஒரு பாரம், ஏன்னா வந்தது அத்தனையும் கேட்டது கிடைச்சவங்க எழுதினது, கேட்டு கிடைக்காதவங்க ஒருத்தர் கூட எழுதலை, எழுதினாலும் நீங்க போட்டிருப்பீங்களான்னு தெரியலை. நான் அந்த ரெண்டாவது கூட்டத்து ஆள். அதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் பாளையங்கோட்டை பக்கம், 28 வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிடையர் ஆனவ. பரம்பரையா கிறிஸ்தவங்க, கோயிலும் ஞாயிறு பள்ளியும் பெண்கள் ஐக்கிய சங்கமும்னு வளர்ந்தவ. என் மகன் மூணு வருஷமா டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சான். மூணாவது தடவை எழுதும்போது நான் ஒரு பொருத்தனை பண்ணினேன், ஆண்டவரே இந்த தடவை இவனுக்கு வேலை போட்டுக் குடுத்தீங்கன்னா முதல் மாச சம்பளம் முழுசும் உமக்குன்னு. அதோட நிக்கலை, அச்சாரமா இருக்கட்டும்னு 5,000 ரூபாயை ஒரு காணிக்கை கவர்ல போட்டு, மேல அவன் பேரை எழுதி, பைபிளுக்குள்ள வச்சேன். ரிசல்ட் வந்துச்சு, ஒண்ணரை மார்க்ல போச்சு. அன்னிக்கு சாயங்காலம் அந்த கவரை எடுத்து கிழிச்சு, பணத்தை எண்ணிப் பார்த்து, மறுநாள் டவுனுக்குப் போய் மிக்ஸி வாங்கிட்டு வந்தேன். வீட்டுல யாருக்கும் எதுவும் சொல்லலை. மூணு மாசம் கோயிலுக்கும் போகலை, கேட்டவங்க கிட்ட கால் வலின்னேன்.

அந்த மூணு மாசமும் எனக்கு நான் தப்பு பண்றதாவே தோணலை, ஆண்டவர்தான் எனக்கு கடன்பட்டிருக்கார்னு இருந்தேன். முப்பது வருஷம் ஜெபம், உபவாசம், காணிக்கை, ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுத்தது எல்லாத்தையும் மனசுக்குள்ள கணக்கு போட்டு வச்சிருந்திருக்கேன், அது இருக்கிறதே அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் சும்மா பைபிளைத் தூசி தட்டி எடுத்தேன். கவர் வச்சிருந்த இடம் அப்படியே பிளந்துக்கிட்டு திறந்துச்சு. ஆதியாகமம் 28.

யாக்கோபு கதை தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அண்ணனை ஏமாத்திட்டு ஓடுறவன், ராத்திரி ஒரு கல்லைத் தலைக்கு வச்சு தூங்குறான், வானத்துக்கு ஏணி வச்ச மாதிரி கனவு. காலையில எழுந்து அந்த இடத்துக்கு பெத்தேல்னு பேர் வச்சுட்டு ஒரு பொருத்தனை பண்றான். தேவன் என்னோட இருந்து, வழியில என்னைக் காப்பாத்தி, திங்க சோறும் உடுத்த துணியும் தந்து, என் அப்பா வீட்டுக்கு என்னை நல்லபடியா திரும்பி வரப்பண்ணினா, கர்த்தர் எனக்கு தேவனா இருப்பார், எனக்குத் தர்றதுல எல்லாம் பத்துல ஒரு பங்கு செலுத்துவேன்னு. இது 20ஆவது வசனத்துல இருந்து வருது. எங்க கோயில்ல தசமபாகம் பத்தி பேசும்போதெல்லாம் இதைத்தான் எடுப்பாங்க, நானே சங்கத்துல இதை வச்சு பேசியிருக்கேன். ஆனா அன்னிக்குத்தான் அதுக்கு முன்னாடி இருக்கிற 15ஆவது வசனத்தை கண்ணைத் திறந்து படிச்சேன். கனவுலயே ஆண்டவர் சொல்லிட்டார், நான் உன்கூட இருக்கேன், நீ போற இடத்துலல்லாம் காப்பேன், இந்த தேசத்துக்கே உன்னைத் திரும்ப கொண்டு வருவேன்னு. ஒரு நிபந்தனையும் போடலை, திருடன் மாதிரி ஓடுறவன் கிட்ட நீ திருந்தினா பாக்கலாம்னு கூட சொல்லலை, சும்மா குடுத்துட்டார். சும்மா குடுத்ததை யாக்கோபு காலையில எழுந்து பேரமா மாத்துறான், நீர் இதெல்லாம் செஞ்சா நான் இதைச் செய்வேன்னு. ஏற்கனவே வாங்கிட்டதுக்கு விலை பேசுறான். பவுல் எபேசியருக்கு எழுதினதுல அச்சாரங்கிற வார்த்தை வருது, அது ஆண்டவர் நமக்குக் குடுத்த அச்சாரம், பரிசுத்த ஆவியைப் பத்தி சொல்றது. நான் என்னடான்னா அவருக்கு 5,000 ரூபா அச்சாரம் வச்சிருக்கேன், அதையும் திரும்ப எடுத்துட்டேன். அந்தப் பக்கத்தை மூடாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அந்த யாக்கோபுதான் இருபது வருஷம் தாய்மாமன் லாபான் கிட்ட மாடா உழைச்சுட்டு திரும்பி வரும்போது யாப்போக்கு ஆத்தை கடக்கிறதுக்கு முன்னாடி, நீர் காட்டின தயவுக்கெல்லாம் நான் பாத்திரன் இல்லை, கோலும் கையுமா யோர்தானைக் கடந்தவன் நான்னு ஜெபம் பண்றான். முதல் ஜெபத்துல இருந்த பேரம் இதுல காணோம், பயம் இருக்கு, அண்ணன் கிட்ட இருந்து காப்பாத்தும்னு கேக்கவும் செய்றான். கேக்கிறது தப்பில்லைங்கிறது அங்கேயே தெரியுது. அன்னாள் கேட்டா, கண்ணீர் விட்டு ஆண் பிள்ளை கேட்டா, கிடைச்சதும் பால் மறக்கடிச்சு கொண்டு போய் தேவாலயத்துல விட்டுட்டா. அதனால ஜெபக்குறிப்பு குடுக்காதீங்க, வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஜெபிக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இதைப் பேச ஆரம்பிச்சாலே யாராவது ஒருத்தர் நீங்கள்லாம் சோத்துக்காக வேதத்துல சேர்ந்தவங்கதானே, கிறிஸ்தவங்களா மாறினவங்கதானேன்னு கேப்பாங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துலயே கேட்டிருக்கேன். 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம், அப்போ திருநெல்வேலி சீமையில ஆயிரக்கணக்கான பேர் சபையில சேர்ந்தாங்க, இடையன்குடியில மிஷனரி கால்டுவெல் ஐயர் இருந்த காலம். கஞ்சி கிடைச்ச இடத்துக்கு ஜனங்க போனாங்க, அது உண்மை, நான் மறைக்க மாட்டேன். ஆனா 28 வருஷம் அரிசி அளந்து போட்டவளா சொல்றேன், பசிச்சவன் சோத்தைத் தேடி வர்றது சுயநலம் கிடையாது. ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அந்த நூறு கிராமுக்காகவே பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், திங்கக்கிழமை மத்தியானம் தட்டைப் பிடிக்கிற வேகத்துலயே சனி ஞாயிறு வீட்டுல என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சுரும். அந்தப் பிள்ளைகள்ல எத்தனையோ பேர் இன்னிக்கு நர்ஸா, டீச்சரா இருக்காங்க. நீ சோத்துக்குத்தானே வந்தேன்னு யாராவது அதுக கிட்ட கேப்போமா?

அந்த பஞ்சம் முடிஞ்சு கால் நூற்றாண்டுல, 1903ல, இதே திருநெல்வேலியில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சாங்க. வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா அதுல முன்னால நின்னவர், பின்னால 1912ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப் ஆனவர். இந்திய ஆளுக, இந்தியப் பணம்னு சொல்லி, வெளிநாட்டு காசு வாங்காம அப்போ ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியக்காரங்களை அனுப்பினாங்க. சோத்துக்கு வந்தவங்கன்னு பேர் வாங்கின ஜனம் தன் கையில இருந்து எடுத்துக் குடுத்துச்சு.

எங்க அம்மா பீடி சுத்தினவங்க. அடுப்படியில பழைய பால்பவுடர் டப்பா ஒண்ணு இருக்கும், மூடியில துருப்பிடிச்சு திறக்கும்போது கீச்சுன்னு சத்தம் வரும். உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து அதுல போட்டுருவாங்க, ஞாயித்துக்கிழமை அதை கோயில்ல கொண்டு கொட்டுவாங்க, வித்து வர்ற காசு ஊழியத்துக்கு. அப்பா இறந்த வருஷம் வீட்டுல அரிசியே அளந்துதான் வாங்குவோம், அப்போவும் போட்டாங்க. நமக்கே பத்தலையேம்மா, இதுல என்ன கிடைக்கப் போகுதுன்னு நான் ஒரு தடவை கேட்டேன். அம்மா திரும்பிக் கூட பாக்கலை, கிடைக்கவா போடுதோம், பசியாறினதுக்குப் போடுதோம்னு சொல்லிட்டு அடுப்பை ஊதினாங்க. அப்போ எனக்கு பன்னெண்டு வயசு, அது புரிய இவ்வளவு வருஷம் ஆகியிருக்கு.

யோவான் 6ஆம் அதிகாரத்தை இப்போ படிச்சா வேற மாதிரி தெரியுது. அஞ்சு அப்பம் ரெண்டு மீன், ஆம்பளைங்க மட்டும் சுமார் ஐயாயிரம் பேர். பசிச்சு வந்த கூட்டத்தை இயேசு எதுக்கு வந்தீங்கன்னு கேக்கலை, உக்கார வச்சு போட்டுட்டார், திருப்தியாகிற வரைக்கும் போட்டார். மறுநாள் படகு ஏறி கப்பர்நகூம் வரைக்கும் தேடி வந்தவங்க கிட்டதான் சொல்றார், நீங்க அப்பம் தின்னு திருப்தியானதுனாலதான் என்னைத் தேடுறீங்கன்னு. அந்த வார்த்தை வயிறு நிறைஞ்சவங்களுக்கு சொன்னது. மூணு வேளையும் சாப்பிட்டுட்டு, பென்ஷன் வாங்கிக்கிட்டு, மகனுக்கு இன்ன வேலைதான் வேணும், இல்லைன்னா கோயிலுக்கு வர மாட்டேன்னு உக்காந்த எனக்கு சொன்னது. அந்த அதிகாரம் முடியும்போது நிறைய பேர் கலைஞ்சு போயிடுறாங்க, நீங்களும் போறீங்களான்னு பன்னிரண்டு பேர் கிட்ட கேக்கிறார், ஆண்டவரே யார் கிட்ட போவோம்னு பேதுரு சொல்றான். அந்த மூணு மாசத்துல நான் போனவங்க கூட்டத்துல இருந்தேன்.

சொத்து, பிள்ளைங்க எல்லாத்தையும் இழந்த யோபுவைப் பத்தி பேசாத பிரசங்கியார் கிடையாது, ஆனா முக்காவாசி பேர் நேரா 42ஆம் அதிகாரத்துக்குப் போயிடுறாங்க, 7,000 ஆடு 14,000 ஆச்சு, 3,000 ஒட்டகம் 6,000 ஆச்சு, இந்த வருஷம் உனக்கு இரட்டிப்பு, கையைத் தட்டுங்கன்னு. முதல் அதிகாரத்துல சாத்தான் கேக்கிற கேள்வி, "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?", அதை யாரும் தொடுறதில்லை. ஒண்ணும் கிடைக்காம சும்மாவா இவன் உம்மைக் கும்பிடுறான்னு கேக்கிறான். மொத்தப் புத்தகமும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான், யோபு பதில் சொன்னது சாம்பல்ல உக்காந்துக்கிட்டு, இரட்டிப்பு வரும்னு அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. நாம இரட்டிப்பை முதல்லயே காட்டி ஆள் கூப்பிட்டா சாத்தான் சொன்னது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? இதே மாதிரிதான் எரேமியா 29:11, எல்லார் வீட்டு காலண்டர்லயும் இருக்கு, எங்க வீட்டு ஹால்லயும் இருக்கு, உங்களுக்கு நல்ல முடிவைத் தர நான் உங்க பேர்ல நினைக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானதுன்னு. அது பாபிலோனுக்கு சிறை போனவங்களுக்கு வந்த கடிதம், அதுக்கு முந்தின வசனத்துல எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அங்கேயே செத்திருப்பாங்க. வருஷப்பிறப்பு ராத்திரி ஆராதனையில அந்த வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதுல அந்த எழுபது வருஷ வசனம் வந்து நான் பார்த்ததில்லை.

எலிசா தீர்க்கதரிசியோட வேலைக்காரன் கேயாசி, குஷ்டம் குணமான நாகமான் பின்னாடியே ஓடி ரெண்டு தாலந்து வெள்ளி வாங்கினவன், காசு குடுத்தா பரிசுத்த ஆவியை வாங்கலாம்னு நினைச்ச சமாரியா சீமோன், இவங்களையெல்லாம் நான் ஞாயிறு பள்ளியில கெட்டவங்க லிஸ்ட்ல சொல்லிக் குடுத்திருக்கேன், அவங்களைப் பத்தி இங்க அதிகம் சொல்ல வேண்டாம். என்னை அழ வச்சது வேற ஒரு அம்மா.

செபதேயுவோட பெஞ்சாதி, இயேசுவோட சீஷங்க யாக்கோபு யோவான் ரெண்டு பேரோட தாய், இது மேல சொன்ன யாக்கோபு இல்லை. மத்தேயு 20ல வர்றாங்க, ரெண்டு பையன்களையும் கூட்டிட்டு வந்து இயேசு முன்னால பணிஞ்சு, உம்முடைய ராஜ்யத்துல என் பிள்ளைங்கள்ல ஒருத்தன் வலது பாரிசத்துல, ஒருத்தன் இடது பாரிசத்துல உக்காரணும்னு கேக்கிறாங்க. ரெண்டு போஸ்டிங், அவ்வளவுதான். இதுக்கு சரியா முந்தின வசனத்துல இயேசு சொல்லியிருக்கார், என்னைப் பரியாசம் பண்ணுவாங்க, வாரினால் அடிப்பாங்க, சிலுவையில அறைவாங்கன்னு. அந்த அம்மா காதுல அது விழவே இல்லை, விழுந்தாலும் பிள்ளை நினைப்புல உள்ள போகலை. நீங்க கேக்கிறது இன்னதுன்னு உங்களுக்கே தெரியலைன்னு இயேசு சொல்றார். விரட்டலை, திட்டலை.

இதோட அந்த அம்மா கதை முடிஞ்சுதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன், அம்பது வருஷமா. மத்தேயு 27ஐப் படிச்சுக்கிட்டே வரும்போது 56ஆவது வசனத்துல நின்னுட்டேன். இயேசு மரிச்சதை தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டு நின்ன பொம்பளைங்க பேர் வருது, மகதலேனா மரியாள், யாக்கோபு யோசே இவங்களோட தாய் மரியாள், அப்புறம் செபதேயுவின் குமாரருக்குத் தாய். சீஷங்க அத்தனை பேரும் முந்தின ராத்திரி ஓடிட்டாங்கன்னு அதே மத்தேயு எழுதியிருக்கான். இந்த அம்மா ஓடலை. கொஞ்சம் முன்னாடி 38ஆவது வசனத்துல இருக்கு, அவருக்கு வலது பக்கம் ஒருத்தனும் இடது பக்கம் ஒருத்தனுமா ரெண்டு கள்ளரை அறைஞ்சாங்கன்னு. தன் பிள்ளைகளுக்குன்னு கேட்ட அந்த ரெண்டு இடத்தையும் அந்த அம்மா கண்ணால பார்த்துட்டாங்க. அவங்களுக்கு அந்த நேரம் என்ன ஓடியிருக்கும்னு ஒரு தாயா என்னால நினைச்சுப் பார்க்க முடியுது. கேட்டது கிடைக்கலை, இனி கிடைக்கவும் போறதில்லை, ராஜ்யம்னு நம்பினதே கண்ணு முன்னால முடிஞ்சு போச்சு, இருந்தும் நின்னுட்டு இருக்காங்க. கலிலேயாவுல இருந்தே அவருக்கு ஊழியம் செஞ்சு பின்னால வந்தவங்கன்னு ஒரு வரி அதுக்கு முன்னால இருக்கு. சுயநலமா கேட்ட அதே பொம்பளைதான் அன்பா நின்னதும், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்திருக்கு. பின்னால அந்த அம்மாவோட மகன் யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால கொன்னான்னு அப்போஸ்தலர் 12ல வருது.

நான் மிக்ஸி வாங்கப் போன நேரத்துல அந்த அம்மா நின்னுட்டு இருந்த இடம் அது. இதைப் படிச்ச அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் ஒரு விண்ணப்பம். உங்க ஞாயிறு இணைப்புல கேட்டது கிடைக்காம, இன்னும் விசுவாசத்துல நிக்கிறவங்க எழுதுறதுக்கும் இடம் குடுங்க. ஆபரேஷன் பண்ணியும் புருஷனைப் பறிகொடுத்துட்டு அடுத்த வாரமே பாட்டுக் குழுவுல நின்ன ஒரு அக்கா எங்க சபையில இருக்காங்க, கல்யாணம் அமையாமலே அம்பதைத் தாண்டி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன் எடுக்கிற தம்பி ஒருத்தர் இருக்கார், ஆண்டவர் செஞ்சதை எழுந்து சொல்ற சாட்சி நேரத்துல இவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க, எழுந்திருச்சா என்ன சொல்றதுன்னு நாம அவங்களுக்கு சொல்லிக் குடுக்கலை. இவங்க வாயைத் திறந்தாதான் என்னை மாதிரி ஆளுகளுக்கு உள்ள ஓடுற கணக்கு வெளியில தெரியும். கணக்கு இருக்கிறது தெரிஞ்சாத்தானே அதை ஆண்டவர் கிட்ட கொண்டு வைக்க முடியும்.

எங்க சபை போதகர் ஐயா கிட்டயும் இதைச் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நீங்களே முதல்ல எழுந்து சொல்லுங்கம்மான்னுட்டார். வர்ற மாசம் முதல் ஞாயிறுக்கு பேர் குடுத்திருக்கேன், கவர் கிழிச்சதையும் மிக்ஸி வாங்கினதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன். என் மகன் இப்போ ஒரு டைல்ஸ் கடையில பில்லிங் பாக்கிறான், அவன் பேரை எழுதி அப்படி ஒரு கவர் வச்சிருந்ததே அவனுக்கு இன்னும் தெரியாது, கோயில்ல வச்சு முதல் தடவையா கேக்கக் கூடாது, அதனால இன்னிக்கு ராத்திரி அவன் வந்து சாப்பிட்டதும் சொல்லணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.